சந்தனம் அடைத்த திருகுகள்

அப்பாவால் கழுத்தைத் திருப்ப முடியாது. எலும்பு தேய்ந்துவிட்டது. பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் முழு உடம்போடு திரும்பிப் பார்ப்பார். சாணார்பட்டியைத் தாண்டி உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் வீட்டுச் சந்தில் காரைத் திருப்ப இடமில்லை. தார் ரோடு வரை பின்பக்கமாகவேதான் வர வேண்டும். அப்படி வரும்போது ஒரு நாள் தண்ணீர்த் தொட்டியின் மூலையில் இடித்துவிட்டார். தொட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, காரின் பின்விளக்கு உடைந்தது. கோயம்புத்தூரில் இருக்கும் அண்ணன் போனிலேயே தீர்ப்புச் சொன்னான்.

"வண்டிய வித்துருவோம்ப்பா. ஆள் பாத்துட்டேன். ஞாயித்துக்கெழம வந்து நானே எடுத்துட்டுப் போறேன்."

"பூவ எப்புடிப்பா கொண்டுபோறது?" என்றார், தினமும் மல்லிகையைக் காரில் சந்தைக்கு ஏற்றிப்போகும் அப்பா.

"லோடு ஆட்டோல போட்டு விடுங்க. எல்லாரும் அப்புடித்தான செய்யுறாங்க."

லோடு ஆட்டோ ஊர் ஊராக நின்று மூட்டை ஏற்றிக்கொண்டு திண்டுக்கல் பூச்சந்தைக்குப் போய்ச் சேரும்போது மல்லிகை மொட்டு வாய் திறந்துவிடும். விரிந்த பூவை வியாபாரி கையால்கூடத் தொட மாட்டார். இது எங்கள் தோட்டத்து ஆடு மாடுகளுக்குத் தெரியும். கல்லூரிக்குப் போன நாள் முதல் ஒரு மொட்டும் கிள்ளாத அண்ணனுக்குத் தெரியாது. கார் போனால் அப்பா மல்லிகையை விட்டுவிடுவார் என்று எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவர் என்ன செய்வார் என்பது எனக்கும் தெரியாது.

நான் ஒரு நூற்பாலையில் இயந்திரப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். தீர்வு எளிது. காரில் இருந்த பழைய ரேடியோவை எடுத்துவிட்டுத் திரை உள்ள ரேடியோவைப் பொருத்த வேண்டும். பின்னால் ஒரு கேமரா. ரிவர்ஸ் கியர் போட்டதும் பின்பக்கம் திரையில் தெரியும், கழுத்துக்கு வேலை இல்லை. போனில் எழுதிக்கொண்டேன்: பழையதைக் கழற்று, கேமரா வயரை இழு, புதியதை மாட்டு, அப்பாவைப் பழக்கு. முதல் வரியிலேயே புதன்கிழமை முழுவதும் போனது.

தவறு என்னுடையது. நேரம் மிச்சமாகும் என்று நம்பி, திண்டுக்கல்லில் கார் அலங்காரச் சாமான் விற்கும் ஒரு கடைக்கு அப்பாவோடு வண்டியைக் கொண்டுபோனேன். ரேடியோவைப் பிடித்திருந்தவை நான்கு திருகுகள். அவற்றை மூட வேண்டிய பிளாஸ்டிக் சட்டத்தை, முன்பு ரேடியோ மாட்டிய மேதாவி யாரோ உடைத்துத் தூக்கிப் போட்டிருந்தார். அதனால் நான்கு தலைகளும் வெளியே தெரிந்தன. வட்டமாக, வரிசையாக, நடுவில் குழியோடு. ஆயுத பூஜையன்று பொட்டு வைக்க இடம் தேடும் ஒருவருக்கு இதைவிட வசதி வேறு என்ன வேண்டும்? அப்பா ஒவ்வொரு வருடமும் அந்த நான்கிலும் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, பழனிக்குப் போய்வந்த போதெல்லாம் திருநீறும் அப்பியிருந்தார். பன்னீர் வேறு. குழிகள் சிமென்ட் பூசியது போல் இறுகிக் கிடந்தன.

கடைக்காரர் செய்தவை, வரிசைப்படி: ஒரு கையில் போனை வைத்துக்கொண்டார். முனை மழுங்கிய ஸ்டார் திருப்புளியை எடுத்தார். குழியைப் பார்க்காமலேயே சாய்வாக வைத்துத் திருகினார். முனை பாதிகூட இறங்கவில்லை, வழுக்கியது. இன்னும் வேகமாகத் திருகினார். அடுத்ததற்குப் போய் அதையே திரும்பச் செய்தார். இரண்டு தலைகள் போயின. பிறகு அப்பாவைப் பார்த்துச் சொன்னார்.

"மரை போயிருச்சுண்ணே."

"மரை போகல, தலதான் போயிருக்கு. குழிக்குள்ள சந்தனம் இருக்கு. அத எடுத்துட்டுப் பெரிய முனை போடுங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. "பாப்பா என்ன படிக்குது?"

"படிச்சு முடிச்சு மில்லுல மிஷினு பாக்குதுப்பா" என்றார் அப்பா.

"அது மில்லுண்ணே. இது வண்டி. சாமி சந்தனத்தக் குத்திக் கெளறச் சொல்லுது பாருங்க. நீங்க திங்கக்கெழம விட்டுட்டுப் போங்க, டேஷ்போர்ட அறுத்து எடுத்துருவோம்."

நான்கு திருகுகளுக்காக ஒரு காரை அறுப்பது. இருபது வருட அனுபவம் என்று சுவரில் எழுதி வைத்திருந்தார். ஒரே வருடத்தை இருபது முறை திருப்பிச் செய்திருப்பார் போல. புதிய ரேடியோவையும் கேமராவையும் வாங்கிக்கொண்டு வீடு வந்தேன். திங்கட்கிழமை கார் இருக்காது என்று அவரிடம் சொல்லும் அளவுக்கு அவரை நான் மதிக்கவில்லை.

சனிக்கிழமை காலையில் மோட்டார் ரூம் நிழலில் காரை நிறுத்தி, பேட்டரி இணைப்பைக் கழற்றினேன். ஒரு ஊக்கை நிமிர்த்திக்கொண்டு முதல் குழியில் குத்தினேன். முன்சீட்டில் உட்கார்ந்திருந்த அப்பா நெளிந்தார்.

"கண்ணுல ஒத்திக்கிட்டு எடு தாயி."

"பாக்க முடியலன்னா அந்தப் பக்கம் திரும்பிக்கங்கப்பா."

"திரும்ப முடிஞ்சா நீ எதுக்கு இத நோண்டுற?"

சிரித்துவிட்டோம். அப்பா ஒரு தாளை நீட்டி, உதிர்ந்த தூளை ஏந்திக்கொண்டார். கால் படக் கூடாதாம். கொண்டுபோய் மல்லிகைத் தூரில் கொட்டிவிட்டு வந்தார். இவ்வளவு கவனத்தில் கால்வாசி கடைக்காரரிடம் இருந்திருந்தால் போதும்.

குழி சுத்தமானதும், கடைக்காரர் தொடாத இரண்டு திருகுகளும் சரியான முனைக்கு மறுபேச்சில்லாமல் வந்தன. அவர் கெடுத்தவற்றில் ஒன்று, முனைக்கும் தலைக்கும் நடுவே ரப்பர் பேண்டை வைத்து அழுத்தித் திருகியதில் முனகிக்கொண்டு வந்தது. கடைசித் திருகில் பிடிக்க எதுவுமே மிச்சமில்லை, வழவழவென்று ஒரு கிண்ணம். அதற்காக, எதிர்ப்பக்கம் சுற்றித் துளையிடும் முனை ஒன்றை மில்லில் கேட்டு வாங்கி வந்திருந்தேன். துளை இறங்க இறங்க முனை இரும்பைக் கவ்வும், கவ்வினால் திருகும் அதே திசையில் கழலும். மெதுவாக ஓட்டினேன். திருகு ஒரு சுற்று அசைந்து, பிறகு வெளியே வந்து என் மடியில் விழுந்தது. மரை புதிதுபோல் பளபளத்தது. போகாத மரையைப் போனது என்று சொல்ல ஒரு கடை, ஒரு போர்டு, ஒரு சுழல் நாற்காலி.

மதியத்துக்குள் கேமராவும் ரேடியோவும் ஏறின. சாயங்காலம் வரை அப்பா சந்தில் முன்னும் பின்னும் போய்வந்தார். முதல் மூன்று முறை திரையைப் பார்க்காமல் பழக்கத்தில் கழுத்தைத் திருப்பப் போய் வலியில் நின்றார். நான்காவது முறை திரையைப் பார்த்தார்.

ஞாயிறு காலை அண்ணன் வந்தான். இட்லி சாப்பிட்டுக்கொண்டே, "இதெல்லாம் வெளையாட்டுச் சாமான். வயசானவங்களுக்கு ஆகாது" என்றான். கையைக் கழுவிவிட்டு, சோதிப்பதற்காகச் சந்தின் நடுவில், காருக்குப் பின்னால் போய் இடுப்பில் கைவைத்து நின்றான்.

அப்பா ரிவர்ஸ் போட்டார். கார் சீராகப் பின்னால் போய், அண்ணனின் முழங்காலுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. அப்பா திரையைப் பார்த்தபடியே குரல் கொடுத்தார்.

"செருப்பு வார் அவுந்து கெடக்கு அப்பு. மாட்டிக்கிட்டு நகலு. தார் ரோட்டுக்குப் போகணும்."

அண்ணன் குனிந்து பார்த்தான். வார் அவிழ்ந்துதான் இருந்தது. நகர்ந்தான். அப்பா தார் ரோடு வரை எதிலும் உரசாமல் போய் நின்று ஹாரன் அடித்தார். அண்ணன் கார் கேட்டிருந்தவரைப் போனில் கூப்பிட்டு, வீட்டில் இப்போதைக்குக் கொடுப்பதாக இல்லை என்றான்.

சாயங்காலம் அவனைத் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் விட அப்பாவே ஓட்டினார். நான் பின்சீட்டில் இருந்தேன். வழியில் அண்ணிக்குப் போன் போட்டான்.

"விக்கல. கழுத்து வலிக்காம ஓட்டுறதுக்குக் கேமரா மாட்டச் சொன்னேன், மாட்டிட்டாங்க. நானே நின்னு செக் பண்ணிட்டேன். இனிமே பிரச்சினை இல்ல."

அப்பா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். நான் வெளியே பார்த்தேன். அவன் பொய் சொல்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் சந்தேகம் தீர்ந்துவிட்டது. அவன் அதை நம்பியே சொல்லிக்கொண்டிருந்தான். இறங்கும்போது என் தலையைத் தட்டி, "அப்பாவ பாத்துக்க" என்றான். சரி என்றேன். மறுநாள் விடியுமுன் கிளம்ப வேண்டிய பூவுக்குக் கூடைகள் நனைத்து வைக்க வேண்டியிருந்தது, வீட்டுக்குப் போனோம்.