சிமுலேஷன் மோடில் பாளையங்கோட்டை

1. முதல் நாள்

ஸ்டீயரிங் வந்த அன்று கடையில் என்னைத் தவிர யாராலும் ரேஸை முடிக்க முடியவில்லை. அதை நான் பெருமையாக நினைத்துக்கொண்டேன்.

பாளையங்கோட்டை பஸ் ஸ்டாப்பை ஒட்டிய மாடியில் எங்கள் கம்ப்யூட்டர் சென்டர். காலையில் வகுப்பு, மாலையில் கேம்ஸ். பி.எஸ்ஸி. பிசிக்ஸ் முடித்த கையோடு நான் கேம்ஸ் பக்கத்துக்குப் பொறுப்பாளனாகச் சேர்ந்திருந்தேன். முதலாளி அண்ணாச்சியின் மச்சினன் சிங்கப்பூரிலிருந்து ஒரு ஸ்டீயரிங் செட் கொண்டுவந்து கொடுத்தார். கைக்குச் சக்கரம், காலுக்கு ஆக்சிலேட்டரும் பிரேக்கும். திருநெல்வேலி ஜங்ஷன் வரை வேறெந்தக் கடையிலும் அப்படி ஒன்று இல்லை. மேசையில் இறுக்கி, கம்ப்யூட்டரின் கேம் போர்ட்டில் செருகி, சக்கரம் திரும்பும் அளவைக் காலிபரேட் செய்து முடித்தபோது சந்தோஷத்தில் எனக்கு வேர்த்துவிட்டது.

அதில் ஓட்டும் கார் ரேஸ் கேமில் இரண்டு மோடு உண்டு. ஆர்கேடில் சுவரில் மோதினாலும் கார் பந்து மாதிரித் திரும்பி வரும். வளைவில் பிரேக்கே வேண்டாம். சிமுலேஷனில் காருக்கு எடை உண்டு. வேகமாகத் திருப்பினால் பின்பக்கம் வீசும், மோதினால் என்ஜின் போய்விடும். மூன்று வருடம் கரும்பலகையில் பார்த்த உராய்வும் உந்தமும் திரையில் ஓடும்போது ஆர்கேடைத் தொட மனசு வருமா? சிமுலேஷன் வைத்தேன். எதிரே வண்டிகள் வந்துகொண்டிருக்கும் வெளிநாட்டு மலைச்சாலை டிராக்.

கல்லூரிப் பையன்கள் வந்தார்கள், மோதினார்கள், எழுந்தார்கள். அதில் இசக்கி என்றொருவன், தினமும் வருகிறவன், கத்தினான்: "இது காரா எருமையாவே? திருப்புனா திரும்ப மாட்டேங்கு!"

"ஒனக்கு ஓட்டத் தெரியல. வண்டியக் குத்தம் சொல்லாத."

"அப்ப நீரே ஓட்டிக்கிடும்." சேக்காளிகளையும் கூட்டிக்கொண்டு படி இறங்கிவிட்டான்.

அடுத்த நாட்களில் அந்த நாற்காலியில் நான் மட்டும்தான் உட்கார்ந்தேன். அண்ணாச்சி வந்து நின்றார்.

"என்னலே, ஸ்டீயரிங்குக்குக் காவலா இருக்க? மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன். ஆள் உக்காரலன்னா சவத்தக் கழத்திட்டு அங்கன ஜெராக்ஸ் மெஷின் போட்டுருவேன்."

"அப்ப நான், அண்ணாச்சி?"

"ஜெராக்ஸுக்கு பிசிக்ஸ் எதுக்குலே?"

2. பந்து ஓடிய வாரம்

வேலைக்குப் பயந்து ஆர்கேடுக்கு மாற்றினேன். கூட்டம் மாடிப்படி வரை நின்றது. அண்ணாச்சி என்னைப் பார்த்த பார்வையில் 'படிச்ச பயலே' என்று எழுதியிருந்தது.

அது ஒரு வாரம் ஓடியது. பிறகு இசக்கியே பாதி ரேஸில் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டுக் கையைத் தலைக்குப் பின்னால் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். கார் சுவரில் உரசி உரசித் தானாகப் போனது.

"பாத்தீரா? மோதுனாலும் போவுது, மோதாட்டியும் போவுது. இதுல நான் எதுக்குவே?"

நாற்காலி மறுபடி காலி. கஷ்டமாக வைத்தால் உட்கார மாட்டேன் என்கிறார்கள், சுலபமாக வைத்தால் எழுந்து போகிறார்கள். ஜெராக்ஸ் கம்பெனி ஆள் இடம் அளக்க வரப்போவதாகச் சொல்லிவிட்டார்கள்.

3. டைப்பிஸ்ட் அக்கா

காலை வகுப்புக்குக் கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருக்கும் அக்கா ஒருவர் வருவார். டிரைவிங் ஸ்கூலிலும் அப்போதுதான் சேர்ந்திருந்தார். வகுப்பு முடிந்து போகிறவர் ஸ்டீயரிங்கைப் பார்த்து நின்றார்.

"தம்பி, நெசக் கார் மாதிரி ஓடுமா?"

"நெசத்தவிட நெசம்க்கா." எப்படியும் போகப்போகிற வேலைதானே என்று சிமுலேஷனிலேயே வைத்துக் கொடுத்தேன்.

பைய ஓட்டினார். முதல் வளைவு தாண்டவில்லை, எதிரே வந்த லாரி மேல் நேராகப் போய் ஏறினார். மறுபடி போட்டேன். மறுபடி மோதல். மூன்றாவது தடவை அக்கா திரையைப் பார்த்துச் சண்டைக்கே போய்விட்டார்.

"நான் எம் பக்கத்துல ஒழுங்காத்தான வாரேன்? அவம்லா எதுத்து வந்து ஏறுதான்! எந்தப் பய இவனுக்கு லைசென்ஸ் குடுத்தான்?"

"அது வெளிநாடுக்கா. அங்கன வலப்பக்கம்தான் போகணும்."

"ஓட்டுதது பாளையங்கோட்டைல உக்காந்துதான தம்பி?"

எனக்குச் சட்டென்று உறைத்தது. இசக்கி, அவன் சேக்காளிகள், வந்து மோதிய அத்தனை பேரும் புறப்பட்டவுடன் இடப்பக்கம் ஒதுங்கினார்கள். சைக்கிள் பழகிய நாளிலிருந்து ஊரே அப்படித்தான் போகிறது. இதற்கு உராய்வும் காரணமில்லை, உந்தமும் காரணமில்லை. சரியாக ஓட்டியதற்காகத் தோற்றிருக்கிறார்கள்!

ஆப்ஷன்ஸில் 'மிரர்' என்று ஒன்று உண்டு. டிராக்கைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலம் மாற்றிவிடும். விளையாட்டுச் சாமான் என்று நான் தொட்டதே இல்லை. போட்டேன். சாலையோரப் பலகைகளில் எழுத்தெல்லாம் திரும்பிப்போனது. ஆனால் எதிர்வண்டிகள் நம்மூர் மாதிரி வலப்பக்கம் வந்தன. கியரை மட்டும் ஆட்டோவில் விட்டேன். மற்றபடி எடை, சறுக்கல், அடி எல்லாம் அப்படியே சிமுலேஷன்.

அக்கா லாரிக்கு ஒதுங்கி வழிவிட்டார். இரண்டாம் வளைவில் பின்பக்கம் வீசியது. பிரேக்கை மிதித்துப் பிடித்துவிட்டார். "ஆத்தாடி!" என்று நெஞ்சில் கைவைத்தவர், கடையே அதிரச் சிரித்தார்.

அன்று மாலை பஸ் ஸ்டாப்பில் நின்ற இசக்கியை இழுத்துவந்து உட்கார வைத்தேன். நாலைந்து வளைவு தாண்டிப் பாறையில் மோதினான்.

"இது எந் தப்பு. வேகமா வந்துட்டேன்," என்றான். "இன்னொரு தடவ போடும்வே."

அந்த வார்த்தையைக் கேட்க நான் என்ன வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன்.

ஜெராக்ஸ் ஆள் டேப்போடு வந்தபோது நாற்காலியைச் சுற்றி நிற்க இடமில்லை. "எந்திலே, அப்படி என்னதான் இருக்குன்னு பாக்கேன்," என்று இசக்கியைக் கிளப்பிவிட்டு அண்ணாச்சியே உட்கார்ந்தார். மோதினார். "மூதி, பிரேக்கு புடிச்சும் நிக்கல பாரு!" மறுபடி போடச் சொன்னார். மறுபடியும்.

"அண்ணாச்சி, மெஷின எங்கன வைக்க?" என்று கேட்டார் டேப்போடு நின்றவர்.

அண்ணாச்சி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கீழ படிக்கட்டுப் பக்கம் எடம் இருக்கான்னு பாரும்வே. இங்கன ஆள் இருக்குல்லா."

இன்று எங்களிடம் இரண்டு கடை. இரண்டிலும் செட்டிங் போடுவது நான்தான். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஒருவர் மோதிக்கொண்டே இருந்தால் உடனே ஆர்கேடுக்கு மாற்றாதீர்கள். ஓட்டத் தெரியவில்லை என்றும் சொல்லாதீர்கள். அவர் கை எந்தப் பக்கம் போகிறது என்று பக்கத்தில் நின்று பாருங்கள். தன் தப்பால் தோற்றவர் இன்னொரு தடவை கேட்பார். கேமின் தப்பால் தோற்றவர் உங்களிடம் எதுவும் கேட்காமல் படி இறங்கிவிடுவார்.