றெஜினா மிஸியின் பெட்டி எப்படி நனைந்தது

செய்தி எனக்கு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் கிடைத்தது. குருநகரிலிருந்து சைக்கிளில் மீன் கொண்டுவரும் ஒருவர் என்னை அடையாளம் கண்டு, "தம்பி, எங்கடை றெஜினா மிஸி விடியப்புறம் செத்துப்போனா. தெரியாதோ?" என்றார். நான் வாய் திறக்குமுன் பக்கத்தில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஓர் அம்மா திரும்பினார். "ஆர், அந்த மோட்டச்சைக்கிள் மருத்துவிச்சியோ? பாவம். ஆனால் கைராசி இல்லாத மனுசி எண்டு கதைக்கிறவை."

நெஞ்சு வருத்தத்தில் கிடந்தவருக்கு வேண்டிய மருந்து, அரசு போட்ட பொருளாதாரத் தடையால், கப்பலில் வரவில்லை. அதனால் இறந்தார். அதைப் பற்றி அந்த அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. கைராசி பற்றி மட்டும் தெரிந்திருந்தது.

மிஸியின் நினைவு மலருக்கு எழுதச் சொன்னவர்கள், "ஆரையும் நோகப்பண்ணாமல் எழுதும்" என்று கேட்டுக்கொண்டார்கள். நான் முயன்று பார்த்தேன். வரவில்லை.

அவரை அறிந்த உங்களுக்கு அவரது வாயும் தெரியும். மூன்று மருத்துவமாதர் பார்க்க வேண்டிய வடமராட்சிக் கிராமங்களை அவர் ஒருவரே பார்த்தார். அலுவலகம் கொடுத்த பழைய மோட்டார் சைக்கிளில், இரண்டு பக்கமும் தகரப் பெட்டிகள் தொங்க, வல்லை வெளியின் எதிர்காற்றில் குனிந்து வருவார். கரவெட்டிச் சந்தியில் நிற்கும் பெடியள், "மிஸி, விழப்போறியள்!" என்று கத்துவார்கள். அவர் வேகத்தைக் குறைக்காமலே, "விழுந்தால் வந்து தூக்கு. உன்னை முதல் தூக்கினது நான்தான்ரா, அண்டைக்கும் இப்பிடித்தான் கத்தினனி" என்பார். கத்தியவன் பிறகு அந்தச் சந்தியில் தலை நிமிர முடியாது.

வலதுபக்கப் பெட்டிதான் அவருக்கு உயிர். அவித்துச் சுற்றிய துணி, பஞ்சு, கொப்பூழ்க்கொடி கட்டும் நூல், அறுக்கும் அலகு எல்லாம் ஒரு பொதியாக அதற்குள் இருக்கும். "பெட்டி காய்ஞ்சிருந்தால் பாதிப் பிள்ளைப்பேறு முடிஞ்சுது" என்று சொல்வார். ஆனால் மூடியின் ஓரத்தில் ஓடிய இறப்பர் பட்டி வெயிலில் காய்ந்து, வெடித்து, அப்பளம் போல உடைந்துகொண்டிருந்தது. தடைக்காலத்தில் புதிய பட்டிக்கு எங்கே போவது? சைக்கிள் ரியூப்பை வெட்டி ஒட்டிப் பார்த்தார். மெல்லியது, மூடியின் பாரத்தில் நசுங்கிவிட்டது. செருப்பின் அடியைச் சீவி ஒட்டினார். அது வளையாமல் மூலைகளில் விலகி நின்றது. ஒட்டிய பிறகு கடதாசித் துண்டொன்றை விளிம்பில் வைத்து மூடிவிட்டு இழுத்துப் பார்ப்பார். கடதாசி சிக்காமல் வழுக்கிக்கொண்டு வந்தால், "இதுக்குள்ளால மழை மட்டுமில்லை, மாடும் போகும்" என்று மறுபடி உரிப்பார்.

இந்த இடத்தில்தான் என் அக்கா புகுந்த வீடு வருகிறது. கரவெட்டியில் பெயர் சொல்லக்கூடிய வீடு. அக்காவுக்குச் சீதனமாக என் அப்பா தோட்டக் காணியை விற்று ஒரு பழைய கார் கொடுத்தார். தடை வந்ததும் அக்காவின் மாமனார் அதைக் கொட்டிலுக்குள் கல்லின் மேல் ஏற்றி, படங்குத் துணியால் மூடிவிட்டார். பெற்றோல் இல்லாமல் ஊரெல்லாம் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய காலம். இவரும் ஓட்டியிருக்கலாம். "எஞ்சின் பழுதாப் போகும். சமாதானம் வரட்டும்" என்றார். சமாதானத்தில் ஓடுவதற்காக அந்தக் கார் காத்திருந்தது.

அக்கா வயிற்றோடு இருந்தபோது றெஜினா மிஸி அவரைப் பார்க்க வருவார். வேதக்காரி, அதிலும் கடற்கரைப் பக்கத்துச் சாதி என்பதால், மாமியார் விறாந்தைக்கு அப்பால் விடமாட்டார். தேநீர் தனியாக வைத்திருந்த தகரப் பேணியில் வரும். ஒருநாள் மிஸி அந்தப் பேணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உங்கடை பேரப்பிள்ளையை வெளியில எடுக்க என்ரை கை காணும். எனக்குத் தேத்தண்ணி தர உங்கடை கோப்பை காணாதோ அம்மா?" மாமியார் குசினிக்குள் போய்விட்டார். மிஸி குடிக்காமல் பேணியைக் கீழே வைத்தார்.

அன்றுதான் அவர் கொட்டிலுக்குள் இருந்த காரைக் கண்டார். கதவைச் சுற்றி ஓடிய இறப்பர், நடுவில் துளையோடு, மெத்தென்று, வெயில் படாமல் இருந்தது. மாமனாரிடம் நேரே கேட்டார்.

"ஐயா, ஒரு கதவின்ரை றப்பர் தாங்கோ. பெட்டிக்குப் போடவேணும்."

"அது சீதனக் கார், பிள்ளை. றப்பர் இல்லாட்டிக் காருக்குள்ள தண்ணி வரும்."

"கார் நனைஞ்சால் துடைக்கலாம் ஐயா. என்ரை பெட்டி நனைஞ்சால் தாய்க்குக் காய்ச்சல் வரும்."

"சமாதானம் வரட்டும், பாப்பம்."

அடுத்த முறை மிஸி வந்தபோது அக்கா தன் சேலைக்குள் மறைத்து வைத்திருந்த இறப்பர்ச் சுருளை அவர் கையில் கொடுத்தார். தானே இழுத்து உரித்திருக்கிறார். "என்ரை சீதனம்தானே மிஸி. நான் எடுத்தால் களவில்லை." மிஸி உரக்கச் சிரித்ததை அன்றுதான் நான் கேட்டேன். அங்கேயே முற்றத்தில் குந்தி, பழைய பசையைச் சுரண்டி, சொலூசன் பூசி, மூலைகளில் மடிப்பு விழாமல் அந்தப் பட்டியை ஒட்டினார். இரண்டு முனைகளையும் சரிவாக வெட்டி, மூடியின் பிணைச்சல் பக்கமாகச் சேர்த்தார். கடதாசித் துண்டு அசையவில்லை. வாளித் தண்ணீரை மூடியின் மேல் ஊற்றித் திறந்தார். உள்ளே ஒரு துளியும் இல்லை. மாமனார் விறாந்தையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிரவு அக்காவுக்கு என்ன ஏச்சு விழுந்தது என்பதை நான் எழுதவில்லை.

அதன் பிறகு நடந்ததை எங்கள் ஆட்களால் மட்டும்தான் செய்ய முடியும். மிஸியின் பெட்டியை எந்த வழிச் சோதனையிலும் ஒருவரும் திறப்பதில்லை. அது ஊருக்கே தெரியும். அதனால் தட்டுப்பாடான மண்ணெண்ணெயைக் கொண்டுவரச் சொல்லிக் கேட்காதவர்கள் இல்லை. அவர் எல்லாருக்கும் ஒரே பதில் சொல்வார்: "பெட்டிக்குள்ள எண்ணெய் வைக்கேலாது." அக்காவின் கணவர், என் அத்தான், அனுமதி கேட்கவேயில்லை. கிளினிக் நடந்த ஒருநாள், "அம்மாவுக்கு மருந்து எடுத்துக்கொண்டு ஓடிவாறன் மிஸி" என்று மோட்டார் சைக்கிளை வாங்கிக்கொண்டு போனார். திரும்பும்போது வலதுபக்கப் பெட்டிக்குள் கடதாசித் தக்கை அடைத்த மண்ணெண்ணெய்ப் போத்தல்கள் இருந்தன. ஒன்று ஊற்றுண்டது. துணியால் துடைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். மணக்கிறதே என்று மிஸி கேட்டதற்கு, "நீங்கள் ஊத்தி ஓடுற எண்ணெய்தானே மணக்குது" என்றார். எல்லாருடைய உடுப்பும் அப்படி மணந்த காலம். மிஸி பெட்டியைக் கழுவிக் காயவைத்துப் புதுப் பொதி வைத்தார்.

இறப்பர் எண்ணெய் குடித்தால் வீங்கும். வீங்கிய பட்டி மூடியை முன்னைவிட இறுக்கமாகப் பிடித்தது. அதில் மிஸியும் ஏமாந்தார். உள்ளுக்குள் அது சதைபோல இளகி, மூடியின் ஓரத் தவாளிப்பை விட்டுக் கழன்றுகொண்டிருந்தது.

மாரி பிடித்த நேரம் அக்காவுக்கு வலி தொடங்கியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வாகனம் இல்லை. கார் கொட்டிலுக்குள் கல்லின் மேல் நின்றது. மிஸி வல்லை வெளி மழையில் நனைந்து வந்து விறாந்தையில் பெட்டியைத் திறந்தார். நான் பக்கத்தில் விளக்குப் பிடித்தேன். பொதி சேற்றுத் தண்ணீரில் ஊறிக் கிடந்தது. பட்டி விரலோடு பிய்ந்து வந்தது. அவர் அதை மணந்து பார்த்துவிட்டு அத்தானைப் பார்த்தார்.

"ரண்டு போத்தில்தான் மிஸி" என்றார் அத்தான். "ஒண்டுதான் ஊத்துண்டது."

மிஸி ஏசவில்லை. "ஒளிச்சு வைச்சிருக்கிற எண்ணெயைக் கொண்டுவா. அடுப்பை மூட்டு. விறகு இந்த மழைக்குத் தானாப் பத்தி எரியாது" என்றார். அலகும் நூலும் அவியத் தொடங்குமுன் பிள்ளை வந்துவிட்டது. சவர்க்காரம் போட்டு முழங்கை வரை தேய்த்த வெறுங்கையால் ஏந்தி, கொடியை அறுக்காமல், தண்ணீர் கொதித்து முடியும்வரை பிள்ளையைத் தாயின் வயிற்றில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். பெண் பிள்ளை. நன்றாக அழுதது. ஆனால் அக்காவுக்கு இரத்தம் நிற்கவில்லை. அடைக்கச் சுத்தமான துணி இல்லை. வீட்டுச் சேலையைக் கிழித்துத்தான் அடைத்தார்.

சில நாளில் காய்ச்சல் வந்தது. மிஸி ஊர் ஊராக அலைந்து ஊசிமருந்து தேடிக்கொண்டு வந்தார். அக்கா பிழைத்தார். இனிப் பிள்ளை இல்லை என்று டாக்குத்தர் சொன்னார்.

மாமனார் மேலிடத்துக்கு முறைப்பாடு எழுதினார். மருத்துவமாதின் அழுக்குக் கையால் காய்ச்சல் வந்தது என்று. விசாரணை நடந்தது. அக்கா தானே வந்து சொல்வதாக நின்றார். "பிள்ளை பெத்த துடக்குக் கழியேல்லை, படலை தாண்டக்கூடாது" என்று மாமியார் மறித்தார். நான் போய்ச் சொன்னேன். பெண்வீட்டுப் பெடியன் என்று ஒதுக்கிவிட்டார்கள். அத்தான் தன் கால்விரலைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"பெட்டி உங்கடை பொறுப்புத்தானே?" என்று அதிகாரி கேட்டார்.

"ஓம், என்ரை பொறுப்பு. எழுதுங்கோ. அதுக்குள்ள மண்ணெண்ணெய் கொண்டுபோனது ஆர் எண்டதையும் எழுதுங்கோ."

முதற்பாதியை மட்டும் எழுதினார்கள். மிஸியைப் பிள்ளைப்பேறு பார்ப்பதிலிருந்து நிறுத்தி, களஞ்சியத்தில் பஞ்சு எண்ண வைத்தார்கள். மோட்டார் சைக்கிளையும் எடுத்துக்கொண்டார்கள். வடமராட்சிப் பெண்கள் அதற்குப் பிறகு யாரை நம்பிப் பிள்ளை பெற்றார்கள் என்று எவரும் விசாரிக்கவில்லை.

கடைசியாக அவரைக் குருநகர் வீட்டில் பார்த்தேன். இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார். பேச மூச்சு வாங்கியது. சேர்ச்சால் வந்திருந்த ஒரு பெண், "அவையளை மன்னிச்சிடுங்கோ மிஸி, மனப்பாரம் குறையும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போகும்வரை மிஸி காத்திருந்தார்.

"மன்னிப்பை அவை சுவாமியிட்டைக் கேக்கட்டும் தம்பி. எனக்கு அது தேவையில்லை. ஊத்தினது நாங்கள்தான் எண்டு நாலு பேருக்கு முன்னால சொல்லட்டும். அது காணும்."

"சொல்லுவினமோ மிஸி?"

"நீ கேட்டாத்தானே."

அவர்கள் சொல்லவில்லை. செத்த வீட்டுக்கும் வரவில்லை. அக்கா மட்டும் பிள்ளையோடு வந்து, திரும்பி அந்த வீட்டுக்கே போனார். போக வேறு இடம் நாங்கள் வைத்திருக்கவில்லை.

றெஜினா மிஸியிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்றுதான். அவர் கேட்கச் சொன்ன கேள்வி. அத்தான், மாமா, மாமி: இந்த மலர் உங்கள் கைக்கும் வரும். பெட்டிக்குள் எண்ணெய் ஊற்றியது யார்?