அரைக் கிண்ணம்

நான் சொல்வதில் ஒரு சொல்கூட இட்டுக்கட்டியது இல்லை. விளிம்பு உடைந்த அந்த நீலக் கிண்ணம் இன்றும் என் அலமாரியில் இருக்கிறது.

நாரின் மலையில் எங்கள் குளிர்கால வீட்டைச் சுற்றி மூன்று மணி நேர நடைக்கு வேறு வீடு கிடையாது. பிப்ரவரி பதினொன்று. காலையில் சிதறிய ஆடுகளைத் தேடி என் கணவர் எமில்பெக் குதிரையில் போனார். பன்னிரண்டு மணிக்குப் பனிப்புயல் பிடித்துக்கொண்டது. மூன்று மணிக்குக் குதிரை மட்டும் திரும்பி வந்தது.

சேணம் காலி.

அடுப்பருகே உட்கார்ந்து இரு கைகளையும் ஏந்தினேன். ஓதத் தெரிந்ததெல்லாம் மறந்துவிட்டது. "ஆண்டவனே, பக்கத்துல வா. தனியா இருக்கேன்." அவ்வளவுதான் வந்தது. கைகளால் முகத்தைத் தடவிக்கொண்டேன்.

மூன்று நாற்பது. கதவில் தட்டு... ஒன்று, இரண்டு, மூன்று.

"கடவுளின் விருந்தாளி வந்திருக்கேன்."

சொல்லாமல் வருகிறவரை நாங்கள் அப்படித்தான் அழைப்போம். திருப்பி அனுப்பக் கூடாது. ஆனாலும் என் கை தாழ்ப்பாளிலேயே நின்றது. நவம்பரில் ஒரு மாலை, நான் தனியாக இருந்தபோது, இதே மூன்று தட்டு கேட்டது. பயத்தில் அன்று நான் திறக்கவில்லை. காற்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இன்று திறந்தேன்.

ஒரு கிழவர். வெளியே அப்படிப் பனி கொட்டுகிறது, அவர் தொப்பியில் ஒரு துளி இல்லை. எங்கள் நாய் குரைக்கவில்லை. மெத்தைகளுக்குப் பின்னால் போய் ஒடுங்கிக்கொண்டது.

அவசரத்தில் நீலக் கிண்ணத்தில் பால் டீயை விளிம்புவரை ஊற்றிவிட்டேன். எங்கள் ஊரில் அரைக் கிண்ணம் ஊற்றினால் மரியாதை. நிறைய ஊற்றினால், 'குடித்துவிட்டுக் கிளம்பு'.

கிழவர் சிரித்தார். "வந்ததும் விரட்டுறியேம்மா. உன் ஆட்டையெல்லாமா தின்னுடப் போறேன்?"

வெட்கத்தோடு பாதியைத் திருப்பிக் கொட்டிவிட்டு, மீண்டும் நீட்டினேன். வாங்கினார். அந்தக் கையில் கிண்ணத்தின் ஆவி நின்றுபோனது...

"விளக்க ஜன்னல்ல வைம்மா. இத நான் எடுத்துட்டுப் போறேன். வழியில ஒருத்தன் உக்காந்துட்டான்."

போய்விட்டார்.

வாசலில் பனி. அதில் ஒரு தடம் இல்லை.

ஐந்து இருபதுக்கு எமில்பெக் வந்தார். தவழ்ந்து வந்தார்.

"தூக்கம் வந்துச்சு, சைகல். உக்காந்துட்டேன். ஒரு பெரியவர் எழுப்பி டீ குடுத்தார். நல்ல சூடு. பாதி குடிச்சேன், மிச்சத்த அவரே வாங்கிக்கிட்டார். விளக்கு தெரியுது பாரு, போன்னார்."

"அவர் எங்க?"

"பின்னாலதான் வந்தார்..."

யாரும் வரவில்லை.

மே மாதம் பனி உருகியது. எங்கள் கதவிலிருந்து எழுபது அடியில் ஒரு கிழவர் கிடந்தார். நவம்பரில் மலை தாண்டக் கிளம்பி, வீடு போய்ச் சேராதவர் என்று கீழூர்க்காரர்கள் அடையாளம் சொன்னார்கள். நான் திறக்காத அந்த மாலை.

அவர் விரல்களுக்குள் என் நீலக் கிண்ணம் இருந்தது.

அடியில், இன்னும் உருகாத பால் டீ.

எங்கள் கதவில் இப்போது தாழ்ப்பாள் இல்லை.