சித்தப்பாவின் கார்டும் ஒன்பது நாள் வெயிலும்

பழைய கம்ப்யூட்டர்களைப் பிரித்துப் பார்ப்பதையே வேலையாக வைத்திருக்கும் பைத்தியங்கள் உலகத்தில் நிறையப் பேர். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தி. இணையத்தில் எங்களுக்கென்று ஒரு குழு இருக்கிறது. கம்ப்யூட்டருக்குள் செருகும் ஏதாவது ஒரு பழைய கார்டைப் படம் எடுத்துப் போட்டு, "இந்த மூலையில் இருப்பது என்ன?" என்று யாராவது கேட்பார்கள். காபி ஆறுவதற்குள் பதில் சொல்லிவிடுவேன். எங்கே படித்தீர்கள் என்றால், "செருப்பு டப்பாவில்" என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். மீதியை யாரிடமும் சொன்னதில்லை.

அந்தச் செருப்பு டப்பா சித்தப்பா கொடுத்தது. அப்போது எனக்குப் பத்து வயது. திருச்செங்கோட்டில் எங்கள் வீட்டு மாடியறையில் சித்தப்பா இருந்தார். பாலிடெக்னிக் முடித்துவிட்டு, வேலைக்கும் போகாமல், பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வைத்துக்கொண்டு எந்நேரமும் ஏதாவது ஈயத்தால் பற்ற வைத்துக்கொண்டிருப்பார். நான் பக்கத்தில் போய் நச்சரிப்பேன். தொல்லை தாங்காமல் ஒருநாள், சேலத்துப் பழைய இரும்புக் கடையிலிருந்து வாங்கிய செத்துப்போன கார்டுகள் பத்துப் பன்னிரண்டை டப்பாவில் போட்டு என் மடியில் வைத்தார்.

அதன் பிறகு நான் அவரைத் தொந்தரவு செய்யவே இல்லை. ஒவ்வொரு பாகத்தின் பக்கத்திலும் கார்டின் பலகையிலேயே ஓர் எழுத்தும் எண்ணும் அச்சிட்டிருக்கும். ஆர் என்றிருந்தால் ரெசிஸ்டர், சி என்றிருந்தால் கெப்பாசிட்டர், யூ என்றிருந்தால் சிப். சோளமுத்து மாதிரி மஞ்சளாக இருப்பதும் கெப்பாசிட்டர்தான், தகரப் பீப்பாய் மாதிரி நிற்பதும் கெப்பாசிட்டர்தான் என்று கண்டுபிடித்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. நோட்டுப் போட்டு எழுத ஆரம்பித்தேன். "பொட்டப்புள்ள கையில இதென்னடி தகரமும் தட்டுமுட்டும்" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

சில சிப்புகளின் மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதை உரித்தால் கீழே ஒரு குட்டிக் கண்ணாடி ஜன்னல். உள்ளே முடியைவிட மெல்லிய தங்கக் கம்பிகள் தெரியும். எங்காவது ஸ்டிக்கரைக் கண்டால் என் நகம் சும்மா இருக்காது. டப்பாவிலிருந்த எல்லா ஸ்டிக்கர்களையும் உரித்துவிட்டேன். செத்த கார்டுகள்தானே, யார் கேட்கப்போகிறார்கள்?

சித்தப்பா ஒரு கார்டைத் தாமே செய்துகொண்டிருந்தார். நாமக்கல் பக்கம் கோழித் தீவன மில் ஒன்றில் மக்காச்சோளம், சோயா, கருவாட்டுத் தூள் எல்லாவற்றையும் எடை போட்டுக் கலப்பார்கள். தராசிலிருந்து எடையை அந்தக் கார்டு வாங்கிக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். அளவு சரியானதும் மோட்டார் தானாக நின்றுவிடும். தை மாதம் புது மில்லுக்குப் பூஜை போடும்போது ஓட்டிக் காட்டச் சொல்லியிருந்தார் முதலாளி. ஓடினால் அவருடைய மற்ற மில்களுக்கும் சித்தப்பாவின் கார்டுதான்.

அப்பாவுக்கு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி ஒன்றில் பங்கு இருந்தது. அது வருடத்தில் பாதி நாள் வடக்கே எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கும். அதற்கு மேனேஜராகச் சித்தப்பாவை அனுப்பிவிட வேண்டும் என்று அப்பாவுக்குத் துடிப்பு.

"இதுதான்டா கடைசி. இது ஓடலீன்னா பேசாம ரிக்குக்குப் போயிரோணும். ஊட்டுல ஒக்காந்து ஈயம் பூசுனது போதும்."

"ஓடுமுங்ணா" என்றார் சித்தப்பா. அவர் அவ்வளவுதான் பேசுவார்.

கார்டு தயாரானதும் பழனிக்குப் பாதயாத்திரை வருவதாக வேண்டியிருந்தார். கார்டு வேலை முடிந்தது. மாடியறையில் ஓட்டியும் பார்த்தாயிற்று. திரையில் எண்கள் ஓடியதை நானே பார்த்தேன். கார்டைச் செய்தித்தாளில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டு, காவடிக் கூட்டத்தோடு நடக்கக் கிளம்பினார். திரும்பி வரப் பத்து நாளாகும். வந்த மறுநாள் மில்லில் பூஜை. கிளம்பும்போது, "அதை மட்டும் தொட்றாத சாமி" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

என் நோட்டில் சித்தப்பாவின் கார்டுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தேன். யூ மூன்று என்ற சிப்பைத் தவிர எல்லாவற்றையும் எழுதி முடித்திருந்தேன். அதன் மேல் வெள்ளி ஸ்டிக்கர், அதில் பேனாவால் ஒரு பிள்ளையார் சுழி. அவர் கிளம்பிய அன்று மாலையே உரித்துவிட்டேன். எண் கிடைத்தது, எழுதிக்கொண்டேன். ஆனால் கண்ணாடியில் பசை பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டிருந்தது. ஈரத் துணியால் துடைத்தேன். துணியைச் சரியாகப் பிழியாததால் தண்ணீர் வழிந்து சிப்பின் கால்களுக்கு நடுவே இறங்கிவிட்டது.

எனக்கு உயிரே போய்விட்டது. கரண்ட் சாமானில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அதற்கு என்ன வைத்தியம் என்றும் தெரியும் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் எதற்கும் வெயில்தான் மருந்து. நனைந்த ரேடியோ, தலையணை, ஊறுகாய் ஜாடி, மழையில் நனைந்த பாடப் புத்தகம், எல்லாம் மொட்டை மாடிக்குத்தான் போகும். கார்டும் போனது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், அம்மா கண்ணில் படாத இடத்தில், ஒரு முறத்தில் வைத்து, கண்ணாடி ஜன்னல் நேராக வானத்தைப் பார்க்கும்படி கிடத்தினேன். உள்ளே தண்ணீர் போயிருந்தால் அந்த ஜன்னல் வழியாகத்தானே காயும்?

ஒருநாள் வெயில் போதும் என்று விட்டிருக்கலாம். நான் விடவில்லை. சித்தப்பாவின் கார்டு ஓட வேண்டும், அவர் எங்கள் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை. பள்ளிக்கூடம் போகும்முன் வைப்பேன், வந்ததும் எடுப்பேன். ஒன்பது நாள். வீட்டுப் பாடத்தில்கூட நான் அத்தனை கருத்தாக இருந்ததில்லை. பத்தாம் நாள் சோற்றுப் பருக்கையை நசுக்கி ஸ்டிக்கரை ஒட்டினேன். ஈரத்தில் மை கலைந்திருந்த பிள்ளையார் சுழியை என் பேனாவாலேயே புதிதாகப் போட்டு, செய்தித்தாளில் சுற்றி அலமாரியில் வைத்தேன்.

சித்தப்பா அன்று நள்ளிரவுதான் வந்து சேர்ந்தார், கார்டை ஓட்டிப் பார்க்க நேரமில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பூஜை. நானும் அடம்பிடித்து மில்லுக்குப் போனேன். சூடம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, எல்லோரும் கம்ப்யூட்டர் முன்னால் கூடினார்கள். முதல் மூட்டை தராசில் ஏறியது. திரையில் ஒன்றும் வரவில்லை. சித்தப்பா கார்டைக் கழற்றி, என் பையிலிருந்த ரப்பரை வாங்கி அதன் ஓரத்தைத் தேய்த்துத் திரும்பச் செருகினார். வரவில்லை. மூன்று தடவை கழற்றினார், மூன்று தடவை மாட்டினார். அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"என்னுங் தம்பி, உங்க மெசினு வாயே தொறக்க மாட்டீங்குதே?" என்றார் முதலாளி.

"நாலு நாள் குடுங்க. கோயமுத்தூர் போய் சரிபண்ணிக் கொண்டாந்தர்றேன்."

"பூச போட்டப்ப நின்னுபோன சாமானுங்க தம்பி. அதைத் திரும்ப உள்ள கொண்டாந்தா நல்லா இருக்குமுங்களா? நீங்களே சொல்லுங்க." அவர் கோபமாகச் சொல்லவில்லை. சித்தப்பா கார்டைக் கழற்றிச் செய்தித்தாளில் சுற்றினார்.

வீட்டுக்கு வந்ததும் சித்தப்பா மாடியறைக்குப் போனார். பின்னாலேயே போய் வாசற்படியில் நின்றேன். கார்டை ஜன்னல் பக்கம் திருப்பி வெகுநேரம் பார்த்தார். ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் நெம்பினார். காய்ந்த சோறு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. பிறகு என்னைப் பார்த்தார்.

"இது வெயில்ல கிடந்துச்சா சாமி?"

"இல்லீங் சித்தப்பா, நனையவே இல்லீங்" என்றேன்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். கேட்டது வெயிலை, நான் மறுத்தது தண்ணீரை. அவர் ஸ்டிக்கரைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டிவிட்டு எழுந்தார்.

சாயங்காலம் அப்பா அவரை உட்கார வைத்துக் கேட்டார். அப்பா முரடர்தான், ஆனால் அநியாயக்காரர் இல்லை.

"போறப்ப ஓடுச்சுன்னு சொன்ன. நீ இல்லாதப்ப யாராச்சும் கைய வெச்சாங்களாடா? அப்படி இருந்தா சொல்லு, இன்னொருக்கா முயற்சி பண்ணு. நான் வேண்டாங்கல."

நான் அம்மாவின் சேலைத் தலைப்புக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

"யாரும் தொடலீங்ணா. எம்பட தப்புதானுங்" என்றார் சித்தப்பா.

அதற்கு எட்டு வருடம் கழித்து, கல்லூரி லேபில் ஆசிரியர் அதே மாதிரி ஜன்னல் வைத்த சிப் ஒன்றைக் காட்டினார். அதற்குள் எழுதி வைத்த புரோகிராமை அழிக்க வேண்டுமென்றால் இந்த ஜன்னல் வழியாகப் புற ஊதா ஒளியைக் காட்ட வேண்டும், அதற்கென்று விளக்கு இருக்கிறது என்றார். விளக்கு இல்லாவிட்டால் ஒரு வாரம் நல்ல வெயிலில் வைத்தாலும் போதுமாம், அதனால்தான் ஸ்டிக்கர் ஒட்டி மறைப்பார்களாம். பக்கத்திலிருந்தவள் குறிப்பெடுத்தாள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். தண்ணீர் அந்தக் கார்டை ஒன்றும் செய்யவில்லை. ஒன்பது நாளும் சித்தப்பா எழுதியதை நான்தான் கொஞ்சம் கொஞ்சமாக அழித்திருக்கிறேன், அதுவும் பிரியத்தோடு.

சித்தப்பா பதினாறு வருடம் ரிக்கில் இருந்தார். கம்ப்ரசர் இரைச்சலில் இடது காது போய்விட்டது. ஊர் திரும்பிய பிறகு ஒருநாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். இடது பக்கமாகத்தான் உட்கார்ந்தேன். அவர் டிவி பார்த்துக்கொண்டு தலையாட்டினார். எழுந்து வலது பக்கம் போக எனக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை.

அவர் ரிக்குக்குக் கிளம்பிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. ரிக் வண்டி வீட்டு முன்னால் நின்றது. டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, "நல்லாப் படி சாமி" என்றார். வண்டி நகர்ந்தது. யாருக்கும் தெரியவில்லை, தப்பித்தோம் என்று எனக்கு ஒரே நிம்மதி. வண்டி முக்குத் திரும்பும்வரை இரண்டு கைகளையும் ஆட்டினேன். அவரும் ஆட்டினார். என்னை அப்பாவிடம் காட்டிக்கொடுக்க மனம் வராமல்தான் அவர் அந்த வண்டியில் ஏறியிருக்கிறார் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.