பூசணிப்பூ இருந்த இடத்தில் பந்து

கள்ளிக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு எதிரே அப்போது வீடே கிடையாது. பிளாட் போட்டு நட்ட வெள்ளைக் கல்லும் வேலிக்காத்தான் முள்ளும்தான். எண்பதுகளின் தொடக்கம். எனக்கு ஒன்பது வயசு இருக்கும். அம்மாவின் தம்பி, என் மாமா, எங்களோடுதான் இருந்தார். ஆவடிப் பக்கம் பட்டாளத்து அதிகாரிகள் கோல்ஃப் ஆடுகிற மைதானத்தில், அவர்களுடைய மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடப்பது அவர் வேலை. ஆட்டம் இருந்தால் கூலி, மழை பெய்தால் இல்லை. அப்பாவை நாங்கள் நைனா என்போம். நைனாவுக்கு மாமாவைக் கண்டாலே ஆகாது.

“பொங்கல் வரிக்கும் பாப்பேன். நல்ல வேல கெடைக்கலன்னா உன் தம்பிய மூட்டையக் கட்டிக்கினு ஊருக்குப் போவச் சொல்லு” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. என்னை சைக்கிள் முன்கம்பியில் உட்காரவைத்து கொரட்டூர் ஏரிக்கரை வரை ஓட்டிப்போக வேறு யார் இருக்கிறார்கள்?

மைதானத்தில் வருஷத்தில் ஒரு நாள் பை தூக்குகிறவர்களையும் ஆடவிடுவார்கள். அது பொங்கலுக்கு முந்தின ஞாயிறு. முதல் அடியில் எவன் பந்து அதிக தூரம் போகிறதோ அவனுக்கு மைதானத்திலேயே நிரந்தர வேலை என்று அந்த வருஷம் ஒரு வயதான அதிகாரி சொல்லிவிட்டாராம்.

மாமா எதிர் பிளாட்டில் பழகத் தொடங்கினார். யாரோ கழித்துப்போட்ட பெரிய மட்டை, புதரில் பொறுக்கிய பந்துகள். பந்தைத் தூக்கி வைக்கிற மரக்குச்சி மட்டும் இல்லை. தரையில் வைத்து அடித்தால் பந்து எலி மாதிரி மண்ணோடு ஓடி இரண்டாவது கல்லிலேயே நின்றுவிடும். போய் எடுத்து வருவது நான்.

மார்கழி பிறந்தது. ஒரு காலை அம்மா கோலத்தின் நடுவே சாணி உருண்டை வைத்துப் பூசணிப்பூ செருகிவிட்டு உள்ளே போனாள். மாமா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பூவை எடுத்து என் ஜடையில் செருகிவிட்டு, உருண்டையை பிளாட்டுக்குக் கொண்டுபோய் அதன் உச்சியில் பந்தை வைத்தார்.

முதல் அடியில் பந்து அங்கேயே விழுந்தது. சாணிதான் பறந்தது. கொடியில் கிடந்த நைனாவின் கம்பெனிச் சட்டையில் போய் ஒட்டிக்கொண்டது.

“இன்னாடா இது? பந்து அடிக்கிறேன்னு சாணி அடிச்சிகினு கீற!” என்று நைனா கத்தினார்.

அம்மா ஓடிவந்தாள். “பூ வெக்கிற எடத்துல பந்த வெச்சிகீறியே, உனக்கே நல்லாகீதாடா?”

“கோச்சிக்காதக்கா. இன்னும் ஒரே ஒரு தபா.”

மறுநாள் கொஞ்சம் தள்ளி நின்று, மட்டை மேலே ஏறுகிறபோது பந்தில் படுகிற மாதிரி வீசினார். பந்து எழும்பியது. கல்லையெல்லாம் தாண்டி, முள்ளையும் தாண்டிப் போய் விழுந்தது. நான் மூச்சு வாங்க ஓடினேன். அதிலிருந்து தினமும் என் ஜடையில் பூசணிப்பூதான்.

போட்டியன்று அம்மா கோலத்துக்கு ஓர் உருண்டை வைத்துவிட்டு, கேட்காமலே இன்னொன்று உருட்டினாள். உருட்டிக்கொண்டே இருந்தாள். “சீக்கிரம் குடும்மா, மாமா கெளம்பிட்டாரு” என்றேன். பூவரச இலையில் பொதிந்து என் கையில் கொடுத்தாள்.

மைதானத்தில் நான் இலையைப் பிரித்ததும் எல்லாரும் சிரித்தார்கள். “அண்ணாத்தே வறட்டி தட்ட வந்துகீறாரு!” என்றான் ஒருவன். எனக்கு வெட்கம் தாங்கவில்லை. அந்த வயதான அதிகாரி குனிந்து பார்த்தார், இங்கிலீஷில் என்னவோ சொன்னார், சரியென்று தலையை ஆட்டினார். மாமா வீசினார். அன்றைக்கு வேறு யார் பந்தும் அவ்வளவு தூரம் போகவில்லை.

வீட்டுக்கு வந்ததும், “மாமா ஊருக்குப் போவ வேணாம்மா!” என்று கூவினேன். நைனா முதல் தடவையாக, “வா மச்சான், குந்து” என்றார்.

“புல்லுக்கு வெடியங்காட்டி தண்ணி வுடணுமாம்க்கா” என்றார் மாமா. “அங்கியே ரூம் குடுக்கறாங்கோ. அங்கியேதான் தங்கணும்.”

“அதான் தெரியுமே. போட்டின்னு வந்து சொன்ன மொத நாளே சொன்னியே” என்று அம்மா சிரித்தாள். எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

பொங்கல் கழிந்து மாமா பெட்டியோடு போனார். அடுத்த மார்கழியில் உருண்டையில் வைத்த பூ, சாயங்காலம் வாடுகிறவரை அப்படியே இருந்தது. போட்டியன்று அந்த ஓர் உருண்டையை மட்டும் அம்மா ஏன் அத்தனை நேரம் உருட்டினாள் என்று நான் கேட்டதேயில்லை. சாணியில் தண்ணீர் அதிகமாகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.