கடைசிப் பேருக்குக் கீழே

ஊரில் அந்தத் தையல்காரிக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர். இடுப்பளவை வாயால் சொன்னால் நம்பமாட்டாள். டேப்பால் அளந்து, இன்னொரு தரமும் அளப்பாள். வாழ்நாளில் அவள் கண்ணை மூடிக்கொண்டு நம்பியது புருஷன் ஒருவரைத்தான். அந்த மனுஷனும் போருக்குப் போய், பூங்கா முனையிலிருக்கும் நினைவுத்தூணில் கடைசிப் பேராக வந்து சேர்ந்தார்.

கொஞ்ச நாளாக அந்தப் பேருக்குக் கீழே யாரோ வெள்ளைப் பூ வைத்துவிட்டுப் போகிறார்கள். நாத்தனாரைக் கேட்டாள், அவளுமில்லை. அப்புறம் யார்? அந்த யோசனையில் ஒரு சட்டைக்கு இடது கையை வலப்பக்கம் வைத்துத் தைத்தாள். விடுப்பில் வரும்போதெல்லாம் அவர் ஒருநாள் பிந்தித்தான் வருவார். ரயில் லேட் என்பார். அன்றைக்கு உறைக்காதது இப்போது உறைத்தது. இத்தனை வருஷம் தனியாக மிஷின் மிதித்தது ஒரு புளுகனுக்காகவா? அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

கடையைப் பூட்டிவிட்டு, தூணுக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் காவலிருந்தாள். சிக்கினாள் ஒருத்தி. நரைத்த தலை, வெளுத்த குடை. பூவை வைத்துவிட்டுக் கல்லைத் தடவினாள்.

"அவரு உனக்கு என்ன வேணும்?" என்று பாய்ந்தாள் தையல்காரி.

அந்தம்மா ஓரடி பின்வாங்கினாள். "இவரா? இவரை எனக்குத் தெரியாதும்மா."

"தெரியாதவருக்குப் பூவா? என் காதுல சுத்தாதே."

"அவருக்கு வெக்கலம்மா. கீழ கல்லு வெறுமனே இருக்கு பாரு, அங்க வெச்சேன். என் பையன் சண்டையிலிருந்து ஓடிட்டான்னு நம்ம பட்டாளத்துக்காரங்களே சுட்டுட்டாங்க. இந்தக் கல்லுல அவன் பேரை வெட்ட மாட்டேன்னுட்டாங்க. யாராவது கேப்பாங்கன்னு பயந்து இத்தனை வருஷமா வெறுங்கையோடதான் வந்து தொட்டுட்டுப் போவேன். இப்ப வயசாச்சு, கேட்டா கேக்கட்டும்."

வாய்ப்பேச்சை நம்புகிற ஆளா அவள்? குனிந்து பார்த்தாள். புருஷன் பேரின் எழுத்துகளில் தூசி அடைந்து கிடந்தது. கீழே வெற்றுக் கல்தான் கை பட்டுப் பட்டு மழமழவென்றிருந்தது. ரயில் நிஜமாகவே லேட்டாக வந்திருக்கலாம். முந்தானையால் எழுத்துகளைத் துடைத்தாள். வெட்கமாக இருந்தது.

"பையன் பேரென்னம்மா?" என்று கேட்டாள்.

நினைவு நாளில் நகராட்சித் தலைவர் மைக்கில் பேர்களை வாசித்தார். கடைசியாக அவள் புருஷன் பேர். தலைவர் மைக்கைவிட்டு நகர்வதற்குள், தையல்காரி எழுந்து இன்னொரு பேரைச் சத்தமாகச் சொன்னாள்.

கூட்டம் மொத்தமும் திரும்பி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தது. ஓரத்தில் குடைக்காரம்மா வாய்விட்டு அழுதாள். நாத்தனார் தையல்காரியின் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

"யாரு அண்ணி அவன்? உங்களுக்கு என்ன வேணும்?"

"உங்க அண்ணனுக்கு அடுத்த ஆளு," என்றாள் பூதக்கண்ணாடி.