ஞாயிறு நாலு மணி இதழ்

என் பத்திரிகையின் முதல் இதழ் வெளியாக அரை மணி நேரம் இருக்கும்போது அதன் ஒயரைப் பிடுங்கவைத்தவர் என் அம்மா. அன்றைக்கு வந்த கோபத்தில் பாதி இன்னும் எனக்குள் மிச்சமிருக்கிறது.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. மர்பி டவுனில் எங்கள் சந்துக்கே ஒரே டெலிபோன் எங்கள் வீட்டில்தான் இருந்தது. சந்திலிருந்த அத்தனை பேரும் எங்கள் நம்பரைத் தங்கள் நம்பராக எழுதி, அடுத்த வீட்டு போன் என்பதற்கு அடையாளமாகப் பக்கத்தில் 'பி.பி.' என்று போட்டுக்கொள்வார்கள். யாருக்கு அழைப்பு வந்தாலும் நான்தான் ஓடிப்போய்க் கூட்டிவர வேண்டும். இதற்கு ஒரு நன்றி கூடக் கிடையாது.

அம்மாவின் தம்பி, என் மாமா, கம்ப்யூட்டர் ரிப்பேர் வேலையில் இருந்தார், எங்களோடுதான் தங்கியிருந்தார். இன்டர்நெட் இன்னும் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்காத காலம். ஆபீசில் கழித்துப்போட்ட ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து, மோடம் வழியாக எங்கள் டெலிபோன் லைனில் மாட்டி, புல்லட்டின் போர்டு ஒன்றை நடத்தினார். ஊரில் மோடம் வைத்திருந்த சிலர் எங்கள் நம்பருக்கு டயல் செய்வார்கள். எங்கள் மோடம் கீச்சென்று கத்தியபடி எடுக்கும். அவர்கள் உள்ளே வந்து, படித்து, நாலு வரி எழுதிவிட்டுப் போவார்கள். லைன் ஒன்றே ஒன்று என்பதால் இதற்கெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அம்மாவின் அனுமதி.

ஒருநாள் மாமா ஒரு பிளாப்பி கொண்டுவந்தார். போர்டில் பத்திரிகை நடத்துவதற்கான புரோகிராம். இலவசம். அதை எழுதிய வெளிநாட்டுக்காரர், பிடித்திருந்தால் உங்கள் ஊர்ப் படம் போட்ட தபால் அட்டை ஒன்று அனுப்புங்கள் என்று மட்டும் கேட்டிருந்தார். உபயோகிக்கும் முறையைப் பார்த்ததுமே மாமாவுக்குக் கொட்டாவி வந்துவிட்டது. டிக்‌ஷனரியை மடியில் வைத்துக்கொண்டு படித்தவள் நான். ஆசிரியர் பெயர் என்ன என்று அது கேட்டது. என் பெயரை அடித்தேன். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று கேட்டது. ஞாயிறு மாலை நாலு என்றேன். அந்த நேரம் வரைக்கும் இதழைப் பூட்டி வைத்திருந்து, வந்ததும் தானே திறந்துவிடுமாம். அல்சூர் ஏரியில் மீன்கள் செத்து மிதந்தது பற்றி ஒரு கட்டுரை, ஒரு புதிர், எங்கள் பள்ளிக்கூடக் குழாயில் தண்ணீர் வராததைக் கண்டித்துத் தலையங்கம். எல்லாம் என் கைவண்ணம். முதல் இதழ் நாலு மணிக்கு என்று முந்தின வாரமே போர்டில் அறிவித்தும் விட்டேன்.

அந்த ஞாயிறு மூன்றரைக்கு எதிர்வீட்டு அக்கா வந்து நின்றார். தலைக்குக் குளித்து, பூ வைத்திருந்தார். அவர் வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருந்தார். முன்பெல்லாம் ஞாயிறு நாலு மணிக்கு அவரிடமிருந்து போன் வரும். பிறகு வருவது நின்றது. அக்காவும் வந்து உட்காருவதை நிறுத்திவிட்டார். இன்றைக்கு அவர் பேசுவதாக, அங்கிருந்து வந்த யாரோ சொன்னார்களாம்.

"ஒயரக் கழட்டுடா" என்றார் அம்மா மாமாவிடம்.

"அம்மா, என் பேப்பர்!"

"உன் பேப்பர் எங்கயும் ஓடிப்போகாது. சும்மா கெட."

மாமா ஒரு வார்த்தை எனக்காகப் பேசவில்லை. கோழை. மோடத்தைக் கழற்றிவிட்டு டெலிபோனை மாட்டினார். நாலு மணி அடித்ததும் போனும் அடித்தது. அக்கா பாய்ந்து எடுத்தார்.

"ஹலோ? ஏங்க, நாந்தாங்க. சத்தமே வரலீங்க. நான் பேசறது கேக்குதா? சாப்டீங்களா?"

எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் மோடம் கீச்சிடும் வரைக்கும், கூப்பிடுகிறவரின் மோடம் வாய் திறக்காது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வைத்துவிடும். அது மஸ்கட் அல்ல, என் வாசகர். சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் தொடையில் கிள்ளினார் பாருங்கள், கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அக்கா பையனுக்குப் பல் விழுந்ததைச் சொன்னார், வீட்டில் மழை ஒழுகுவதைச் சொன்னார். அதற்குள் லைன் கட்டாகிவிட்டது.

"லைன் சரியில்லக்கா. ஆனா அவருதான்" என்றார் முகத்தைத் துடைத்துக்கொண்டு.

"பின்ன வேற யாரு? அவரேதான்" என்றார் அம்மா.

நான் ஒரு பொய் சொன்னால் வாயில் மிளகாய் தேய்ப்பேன் என்கிற அம்மா!

அக்கா போனதும் மாமா மோடத்தை மாட்டினார். சற்று நேரத்தில் ஜெயநகர்க் கல்லூரி மாணவர் ஒருவர் உள்ளே வந்து எழுதினார். நாலு மணிக்கு டயல் செய்தாராம். அவருடைய மோடத்தின் ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் கேட்டதாம். சாப்பிட்டீர்களா என்று விசாரித்ததாம். ஆதாரம் கிடைத்துவிட்டது! மாமாவை அம்மாவுக்குப் படித்துக்காட்ட வைத்தேன். அம்மா எழுந்துபோய்த் தெருக்கதவைச் சாத்தினார்.

"அடுத்த வாரமும் நாலு மணின்னே போடுடா" என்றார் மாமாவிடம்.

நியாயம் ஜெயித்தது என்று நான் குதித்தேன். என்ன புண்ணியம்! அடுத்த ஞாயிறும் மூன்றரைக்கு எதிர்வீட்டு அக்கா பூ வைத்துக்கொண்டு வந்தார். அம்மா மறுபடியும் ஒயரைக் கழற்றச் சொன்னார். நாலு மணிக்குப் போன் அடித்தது. அக்கா ஓடினார். சொன்ன நேரத்துக்கு வெளிவராத பத்திரிகையின் ஆசிரியர் என்ற கெட்ட பெயர் மட்டும் எனக்கு.

அன்று மாலை அந்த மாணவருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். எதிர்வீட்டு அக்கா, மஸ்கட்டில் இருக்கும் தன் கணவர் என்று நினைத்து எடுத்துவிடுகிறார், ஆசிரியர் வருந்துகிறார் என்று முறையாக, முழு விவரத்தோடு.

பதில் வந்தது. 'பரவாயில்லை. இனி எல்லா ஞாயிறும் நாலு மணிக்கே டயல் செய்கிறேன். சாப்பிட்டேன் என்று மட்டும் அவர்களிடம் சொல்லிவிடு.'

திரும்பத் திரும்பப் படித்தேன். என் பத்திரிகையைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை அந்த மனிதர்.